பாதுகாப்பறையில் ஒரு பட்டறை
சிங்கப்பூர் சைனாடவுனின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் தனிக் கார்க்கொட்டகை கிடையாது; துளையிடும் கருவிக்கும் ரம்பத்துக்கும் இடம் தருவது பழைய வீடுகளில் சாமான் அறை, புதியவற்றில் பாதுகாப்பறை. 1998 மே மாதம் நடைமுறைக்கு வந்த குடிமைத் தற்காப்பு உறைவிடச் சட்டத்தின் விளைவு இந்தக் கான்கிரீட் அறை. ஆபத்துக் காலத்தில் உயிர் காக்க வேண்டிய அதன் சுவர்களை இஷ்டப்படி குடையக் கூடாது. ஆகவே தானே நிற்கும் அலமாரியே அங்கே பொருந்தும்; அதிலும் போல்ட் இல்லாமல் பூட்டிக் கழற்றும் இரும்பு ரேக் மேல், ஏனெனில் அவசரத்தில் அறையைச் சீக்கிரம் காலி செய்துவிடலாம். வாங்குமுன் அளக்க வேண்டியது அறையை மட்டுமல்ல, கதவுத் திறப்பையும் காற்றுத் துளைகளையும்தான். அந்தத் துளைகளை மறைக்கும் ரேக் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஒரு தட்டு தாங்கும் எடை என்று எழுதியிருப்பது, பாரம் சமமாகப் பரவியிருந்தால் மட்டுமே பொருந்தும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் மரத்தூள் அட்டைத் தட்டு உப்பிவிடும். துத்தநாகம் பூசிய இரும்புத் தட்டு நின்று உழைக்கும். கனமான பெட்டிகள் அடித்தட்டில் இருந்தால் ரேக் எளிதில் கவிழாது. மிஞ்சிய சாமான்களைப் பொது நடைபாதையில் அடுக்குவது தீ விபத்தின்போது அண்டை வீட்டாரின் வழியையும் அடைத்துவிடும்.