எஞ்சின் எந்தக் காற்றை இழுக்கிறது?

மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்கு 2017-ல் பதிவு கிடைத்தது. பேசவும் கேட்கவும் இயலாத இடுக்கி சஜி தாமஸ் கையால் செய்த சிறு விமானம் 2014-ல் நம் அம்பாசமுத்திரம் அருகே பறந்தது. இரண்டைப் பற்றியும் நான் படித்ததெல்லாம் இறக்கையும் செலவும்தான். எஞ்சினுக்குக் காற்று எந்த வழியாகப் போகிறது என்ற பேச்சே இல்லை.

திருவாரூரில் அறுவடை மிஷின் எஞ்சின் பார்க்கிற எனக்கு அதுதான் முதல் கேள்வி. தை மாதத்தில் பனி காய்வதற்குள் வயலில் இறங்கிய மிஷினின் ஏர் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள். மடிப்புக்கு மடிப்பு நெல் சுணை ஈரத்தோடு அப்பியிருக்கும்; தட்டினாலும் உதிராது. கரும்புகை தள்ளிக்கொண்டு, இழுவையில்லாமல்தான் வண்டி பட்டறைக்கு வரும். வயலில் என்றால் வரப்போரம் நிறுத்திவிடலாம். பறக்கும்போது முடியாது.

சிறு விமானங்களுக்கான 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் முழு வேகத்தில் நொடிக்கு 60 லிட்டருக்கு மேல் காற்று இழுக்கும். எஞ்சின் மூடிக்குள் இருக்கும் சூட்டுக் காற்றையே கொடுத்தால் நஷ்டம்: 30 டிகிரி காற்று 60 டிகிரியானால் அடர்த்தி 9 விழுக்காடு குறையும். ஆகவே வெளிக்காற்று வேண்டும். ஆனால் எதிர்க்காற்றைப் பிடித்து அழுத்தம் ஏற்றுகிறேன் என்று சிலர் ஃபில்டரையே சின்னதாக்குகிறார்கள். 200 கிலோமீட்டர் வேகத்தில் அந்த லாபம் 2 விழுக்காட்டைக்கூடத் தொடாது. ஃபில்டர் பெரிதாக இருக்கட்டும் என்பதே என் கட்சி.

மார்கழி இன்னும் பொல்லாதது. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே 20 டிகிரிக்கு மேல்கூடச் சூடு இறங்கும். ஈரக்காற்றாக இருந்தால், வெளியே 22 டிகிரி இருக்கும்போதே உள்ளே ஐஸ் கட்டி வழி அடைபடும். டெல்டாவின் விடியற்காலைக் காற்று அப்படிப்பட்டதுதான். நம் வெயிலுக்கு ஐஸா என்று நினைத்து, சைலன்சர் சூட்டில் காய்ந்த காற்றைத் திருப்பிவிடும் வால்வை விட்டுவிடாதீர்கள். அந்த வழியில் பெரும்பாலும் ஃபில்டர் இருக்காது. தரையில் புழுதிக்குள் ஓடும்போது அதை மூடியே வைக்க வேண்டும்.

நம் மாவட்டப் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு, அறுவடை மிஷினில் ஃபில்டர் அடைப்பதை அளப்பதை ப்ராஜெக்டாகக் கொடுக்கலாம். சம்பா அறுப்பு முடியும்வரை ஏர் கிளீனருக்கு முன்னும் பின்னும் தண்ணீர் நிரப்பிய யூ குழாயை மாட்டி, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு அடைக்கிறது என்று எழுதி வைக்கட்டும். நாளை இங்கே விமானம் கட்டுகிற பிள்ளை ஃபில்டர் அளவை நம் ஊர்க் கணக்கிலேயே போடலாம். மிஷின்காரர்கள் வண்டி தரச் சம்மதித்திருக்கிறார்கள், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.