ஸ்டென்ட் வைத்தவருக்குப் பூண்டு மாத்திரை போதுமா?

“எங்கள் அய்யனுக்கு வயது 61. ஆறு மாதத்துக்கு முன்பு மாரடைப்பு வந்து, கோயம்புத்தூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், தோப்புக்கும் போய் வருகிறார். தெரிந்தவர் ஒருவர் பூண்டு மாத்திரையும் மீன் எண்ணெய் மாத்திரையும் கொடுத்து, இதைச் சாப்பிட்டால் இங்கிலீஷ் மாத்திரை தேவையில்லை என்கிறார். மாதம் 2,000 ரூபாய் ஆகிறது. அய்யனும் டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். இது சரியா? தேங்காயை அடியோடு நிறுத்த வேண்டுமா?”
- உடுமலைப்பேட்டை வாசகி

சரியல்ல. மாத்திரையைக் குறைத்த விஷயத்தை இன்றைக்கே டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்லும் அளவில் மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். தேங்காய்ப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் விரித்து வைக்கும் சின்னக் கம்பி வலை. அதன்மேல் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத்தான் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரியான மாத்திரைகள். இவற்றைத் தானாக நிறுத்தினால் வலைக்குள்ளேயே ரத்தம் கட்டி, திடீரென்று அடைத்துக்கொள்ளும். கொழுப்பு மாத்திரை வேறு விதம். அதை நிறுத்தினால் உடம்பு எதையும் உடனே காட்டாது. தென்னை வறட்சியில் வாடினால் காய்ப்புக் குறைவது பல மாதம் கழித்துத்தானே தெரிகிறது, அப்படி.

பூண்டு மாத்திரையைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், 190 பேரைப் பிரித்து, சிலருக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம், மற்றவர்களுக்கு மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், பட்டை போன்ற சத்து மாத்திரைகளில் ஒன்று, அல்லது வெறும் மாத்திரை என்று 28 நாள் கொடுத்தார்கள். ரோசுவாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு சுமார் 38 சதவீதம் குறைந்தது. வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டால், சத்து மாத்திரை எதுவும் சொல்லும்படி குறைக்கவில்லை. பூண்டு சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் ஏறியே இருந்தது! போதாததற்கு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் பூண்டு மாத்திரையையும் சேர்த்தால் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும். ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல் பூண்டால் பயமில்லை.

தென்னைக்கு வேரில் டானிக் கட்டுகிறோம். குரும்பை கொட்டுவது குறைகிறது. அதற்காக உரத்தையும் தண்ணீரையும் நிறுத்துகிறவர் உண்டா? அய்யனுக்கு இதைச் சொன்னால் புரியும்.

தேங்காயை அடியோடு விட வேண்டியதில்லை. சட்னி அளவோடு இருக்கட்டும். ஆனால் தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைகொழுப்பு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது 20 சதவீதத்துக்கும் கீழே. தோப்பு வைத்திருப்பவர்களுக்குக் கசக்கும்தான், ஆனாலும் வெறும் வயிற்றில் தேங்காய் எண்ணெய் குடிப்பது இதயத்துக்கு மருந்தல்ல. மரச்செக்கில் ஆட்டினாலும் எண்ணெய் எண்ணெய்தான். எல்லா எண்ணெயும் சேர்த்து ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிற்க வேண்டும்.

எண்ணெயைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் உப்பைப் பற்றிப் பேசுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம் வருகிறது. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை கிலோ தீர்கிறது என்று பாருங்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே தனி. வெயிலில் வேலை செய்கிறோம், உப்பு வேண்டும் என்பார்கள். 61 வயதில் மோட்டாரைச் செல்போனில் போடுகிறவருக்கு அது பொருந்தாது.

கொள்ளு ரசம், பச்சைப்பயறு கடைசல், கீரை, கம்மஞ்சோறு எல்லாம் நல்ல சாப்பாடு. கொள்ளு அடைப்பைக் கரைக்கும் என்பது மட்டும் நம்பத்தக்கதல்ல. மீன் சாப்பிடுகிற வீடானால் வாரம் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு வைக்கலாம், மாத்திரையைவிடச் செலவு குறைவு. தோப்பில் இளநீர் இருக்கிறதே என்று தினமும் வெட்டாதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பலவீனமானவர்களும், ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் மாதிரியான மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும்.

செலவுதான் காரணமென்றால் அந்த 2,000 ரூபாயை மிச்சப்படுத்துங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கான மாத்திரைகளை அரசு மருத்துவமனையில் கேளுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுபோக மறக்க வேண்டாம்.

மறுபடியும் நெஞ்சு வலியோ, இடது கை, தாடைப் பக்கம் இழுப்போ, காரணமில்லாத வியர்வையோ வந்தால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சு வலியோடு வருகிறவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்கிறார்கள். உங்கள் தோப்புக்குப் பக்கத்தில் இருப்பது எது என்று இந்த வாரமே விசாரித்து வையுங்கள்.