பாட்டில்லாத படமும் பாட்டாளியும்

"பாட்டும் சண்டையும் இல்லாவிட்டால் கூலிக்காரன் கொட்டகைக்கு வரமாட்டான்!" படமுதலாளிகள் எழுபது வருஷமாக நம் தலையில் சுமத்திவரும் பழி இது. தோழர்களே, இதை நாம் ஒப்புக்கொள்ளலாமா?

1954-ல் ஏவி.எம். ஸ்தாபனம் 'அந்த நாள்' என்ற படத்தை வெளியிட்டது. டைரக்டர் எஸ். பாலசந்தர். பெரிய வீணை வித்வான்; ஆனால் படத்தில் ஒரு பாட்டுக்கூட வைக்கவில்லை! நடனமும் இல்லை. 'பராசக்தி' சிவாஜி கணேசனைப் பார்க்கக் காசு கொடுத்து உட்கார்ந்தவனுக்கு ஆரம்பத்திலேயே அதிர்ச்சி: சிவாஜி சுடப்பட்டுச் செத்து விழுகிறார். 1943-ல் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட சமயத்துக் கதை. மனைவி, தம்பி, அண்டைவீட்டுக்காரர் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். குரோசாவாவின் 'ராஷோமான்' காட்டிய வழி. செத்தவன் தேசத்துரோகி என்பது கடைசியில்தான் வெளியாகிறது. அவனும் பிறவித் துரோகி அல்ல; அவன் கண்டுபிடிப்பை சர்க்கார் மதிக்கவில்லை.

வசூல் ஆகவில்லை. உடனே "ஜனங்களுக்கு ரசனை போதாது" என்றார்கள். பாட்டை எதிர்பார்த்து வந்தவன் கோபித்துக்கொண்டதில் என்ன தப்பு? வருஷம் முழுவதும் ஒரே கூழை ஊற்றிப் பழக்கியவன், ஒருநாள் வேறு பண்டம் வைத்தால் சாப்பிடுகிறவன் தயங்கத்தான் செய்வான். மறுபடி மறுபடி வைத்திருக்க வேண்டும். வைத்தார்களா? பாலசந்தரே பத்து வருஷம் கழித்து 'பொம்மை'யில் பாட்டு வைத்தார். ஆனாலும் மர்மம், நிழல், சந்தேகம் என்று அவருடைய முத்திரை மட்டும் போகவில்லை. 'நடு இரவில்' வரைக்கும் பெயர் போடாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

மேல்சித்தாமூரில் மல்லாட்டை ஆய்ந்துவிட்டு வந்தவர்களோடு அந்தப் படத்தைச் செல்போனில் பார்த்தேன். ஆறு பேர், கையகலத் திரை. பாதியில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "யாரு சுட்டது, சொல்லிடாதீங்கண்ணே" என்று ஓர் அம்மா என்னை அதட்டினார். வசனம் கொஞ்சம் அதிகம்தான், அதையும் அவர்களே சொன்னார்கள்.

நம் விழுப்புரத்தில் மாமன் வீட்டில் கம்யூனிசம் கற்ற பையன் ஒருவன் இருந்தான். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்பு. பின்னாளில் ஜெயகாந்தன் என்று உலகம் அறிந்தது. 1965-ல் தன் நாவலையே 'உன்னைப்போல் ஒருவன்' என்று படமாக்கினார். குடிசைப் பையன், உழைக்கும் தாய், நட்சத்திரம் கிடையாது. அகில இந்தியாவில் மூன்றாவது சிறந்த படம் என்று விருது கிடைத்தது. கொட்டகைதான் சரியாகக் கிடைக்கவில்லை! கிடைக்காத படத்தை ஜனங்கள் புறக்கணித்தார்கள் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

2018-ல் லெனின் பாரதி எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைப் பாருங்கள். மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்குக் கொஞ்சம் நிலம் வாங்க ஆசை. வேறு படமென்றால் கடைசியில் வில்லனை அடித்து நிலத்தை மீட்டிருப்பான். இதிலே அவன் காற்றாலைக்குக் காவல்காரனாக உட்காருகிறான், தன் நிலத்திலேயே! சொந்த நிலமில்லாத நமக்கு அந்தக் காட்சி புரியாதா?

அறுவடை முடிந்ததும் இந்தப் படத்தைத் தெருவில் திரை கட்டிக் காட்டுவதென்று ஊர்த் தோழர்கள் பேசியிருக்கிறார்கள். வேட்டி ஒருவர் தருகிறார். புரொஜெக்டர் வாடகைக்குத்தான் இன்னும் வசூல் நடக்கிறது. திண்டிவனம் தோழர்கள் முடிந்ததைக் கொடுங்கள்.