ஒரே துளையில் ரோபோ ஆபரேஷன்: டெஸ்டிங் முடிந்துவிட்டதா?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர் கிளியனூர். சென்ற முறை ஊருக்குப் போனபோது பெரியம்மா ஒரு வழுவழுப்பான நோட்டீஸை என்னிடம் நீட்டினார். அவருக்குக் கருப்பையில் நார்க்கட்டி. கருப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோட்டீஸ் கொடுத்தது ஒரு தனியார் மருத்துவமனை. 'ஒரே துளை, ரோபோ சிகிச்சை, தழும்பே தெரியாது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

"ஏம்பா, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே. மிஷினே ஆபரேஷன் பண்ணிடுமாமே, நம்பலாமா?" என்று கேட்டார் பெரியம்மா.

நான் டாக்டர் அல்ல. ஆனால் சாப்ட்வேர் கம்பெனியில் எழுதியதை டெஸ்ட் செய்து, அதில் உள்ள தவறுகளைத் தேடுவது என் அன்றாட வேலை. பெரியம்மா கேட்டது மருத்துவக் கேள்வி மாதிரி இருந்தாலும் அதில் பாதி என் துறையைச் சேர்ந்ததுதான். 'இது டெஸ்ட் செய்யப்பட்டதா? எதை டெஸ்ட் செய்தார்கள்?' அண்ணன் வீட்டில் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் இருந்தது. இருவரும் அதன் முன் உட்கார்ந்தோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிடலாம். இன்று மருத்துவமனைகளில் உள்ள ஆபரேஷன் ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. டாக்டர் சற்றுத் தள்ளி ஒரு மேஜை போன்ற அமைப்பில் உட்கார்ந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி இரண்டு கைப்பிடிகளை அசைக்கிறார். நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கும் கருவி அந்த அசைவை அப்படியே செய்கிறது. உங்கள் கை நகர மவுஸ் பாயின்டர் நகர்வது போலத்தான். மவுஸ் வேகத்தை செட்டிங்கில் குறைப்பது போல, டாக்டரின் கை பெரிதாக நகர்ந்தாலும் கருவி சிறிதாக நகரும்படி வைக்கலாம். கை நடுக்கத்தையும் சாப்ட்வேர் வடிகட்டிவிடும். ஆக, மிஷின் பண்ணுவதில்லை, டாக்டர்தான் பண்ணுகிறார். இதைச் சொன்னதும் பெரியம்மாவுக்குப் பாதி பயம் போனது.

இந்த வகையில் பெயர் பெற்ற டாவின்சி ரோபோவுக்கு அமெரிக்காவின் எப்.டி.ஏ. அமைப்பு 2000-ஆம் ஆண்டு அனுமதி கொடுத்தது. நம் நாட்டில் உருவான எஸ்.எஸ்.ஐ. மந்த்ராவுக்கு 2022-இல் இங்கே அனுமதி கிடைத்தது. சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் உள்ள அரசு பன்னோக்கு மருத்துவமனையிலும் 2022 முதல் ரோபோ ஆபரேஷன் நடக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரிலும் உண்டு. எனவே ரோபோ ஒன்றும் புதினம் இல்லை. வழக்கமாக இதற்கு வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள் போடுவார்கள். அதை ஒன்றாகக் குறைப்பதுதான் புதியது.

துளையைக் குறைப்பதில் என்ன கஷ்டம்? ஊறுகாய் ஜாடியின் வாய்க்குள் இரண்டு நீளக் கரண்டிகளை விட்டு, உள்ளே கிடக்கும் நூலில் முடிச்சுப் போட்டுப் பாருங்கள். கரண்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும். தனித்தனித் துளை என்றால் இரண்டு கருவிகளும் இரண்டு பக்கமிருந்து வந்து வேலை நடக்கும் இடத்தில் சந்திக்கும். ஒரே துளை என்றால் அந்தக் கோணம் கிடைக்காது. கூடவே காமிராவும் அதே வழியில்தான் போக வேண்டும்.

இதற்கு முதலில் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. வளைந்த குழாய்கள் இரண்டை வாசலில் குறுக்காக விட்டார்கள். அப்போது வலப்பக்கக் கருவி உள்ளே இடப்பக்கம் போய் நிற்கும். டாக்டர் வலது கையை அசைத்தால் திரையில் இடது கருவி அசையும், குழப்பம் வரும். அதனால் சாப்ட்வேரில் இரண்டையும் மாற்றிவிட்டார்கள்! இடது கைக்காரர்களுக்காக மவுஸ் பட்டன்களை மாற்றி வைக்கிறோமே, அதே யுக்தி. இந்த முறைக்கு 2011-இல் பித்தப்பையை எடுக்கவும், 2013-இல் புற்றுநோய் இல்லாத கருப்பையை எடுக்கவும் எப்.டி.ஏ. அனுமதித்தது. அடுத்து வந்த டாவின்சி எஸ்.பி. என்ற ரோபோவில் இரண்டரை சென்டிமீட்டர் குழாய் ஒன்றுதான். அதற்குள் மூன்று கருவிகளும் ஒரு காமிராவும் போய், உள்ளே போனதும் முழங்கை, மணிக்கட்டு போல மடங்கிப் பிரிகின்றன. இதற்கு 2018-இல் சிறுநீரகவியல் ஆபரேஷன்களுக்கு அனுமதி கிடைத்தது.

அனுமதி என்ற சொல்லை இங்கே சற்றுக் கவனிக்க வேண்டும். இந்த ரோபோக்கள் பெரும்பாலும் வந்த வழி, 'ஏற்கனவே அனுமதி பெற்ற கருவிக்கு இது இணையானது' என்று காட்டும் வழி. அதுவும் ஒவ்வொரு வகை ஆபரேஷனுக்கும் தனித்தனியே. சிறுநீரகத்துக்குச் சரி என்றால் குடலுக்கும் சரி என்று அர்த்தமில்லை. ஒரு பிரிண்டர் விண்டோசின் ஒரு பதிப்பில் வேலை செய்தால் அடுத்த பதிப்பிலும் செய்யும் என்று நம்பி ஏமாந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

மிரா என்ற குட்டி ரோபோவை எடுத்துக் கொள்ளுங்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உருவானது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒரே துளை வழியாகப் பெருங்குடலின் ஒரு பகுதியை நீக்கும் ஆபரேஷனுக்காக 2024 பிப்ரவரியில் எப்.டி.ஏ. அனுமதி பெற்றது. அதே மாதம் விண்வெளி நிலையத்தில் இருந்த இன்னொரு மிராவை டாக்டர்கள் பூமியிலிருந்தே இயக்கி ரப்பர் பேண்டுகளை வெட்டினார்கள். கட்டளை போய்ச் சேர அரை விநாடிக்கு மேல் ஆனது. கேட்கவே சிலிர்க்கிறது. ஆனால் ரப்பர் பேண்டை வெட்டிக் காட்டுவது ஒரு டெமோ. டெமோவுக்கும் டெஸ்டிங்குக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் துறையில் நேற்று சேர்ந்தவனுக்கும் தெரியும்.

சரி, உண்மையான டெஸ்ட் எப்படி இருக்கும்? 2013-இல் ஒரு முடிவு வெளியானது. பித்தப்பை ஆபரேஷன், ரோபோ இல்லாத சாதாரண லேப்ராஸ்கோபி. 200 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒரே துளை, மற்ற பிரிவுக்கு வழக்கமான நான்கு துளை. தழும்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரே துளைக்காரர்கள்தான் அதிகத் திருப்தி. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, வெட்டிய இடத்தில் ஹெர்னியா எனப்படும் பிதுக்கம் வந்தவர்கள் நான்கு துளைப் பிரிவில் 1.2 சதவீதம், ஒரே துளைப் பிரிவில் 8.4 சதவீதம். காரணம் ஊகிக்கக் கூடியதுதான். துளையின் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் அந்த ஒன்றின் அகலம் கூடிவிட்டது.

இந்த ஆய்வை ஒரு மாதத்தோடு நிறுத்தியிருந்தால்? தழும்பை மட்டும் கேட்டிருந்தால்? ஒரே துளைதான் ஜெயித்திருக்கும், நோட்டீஸிலும் அப்படியே அச்சாகியிருக்கும். டெஸ்ட் என்பது நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேட்காத கேள்விக்கு வாயைத் திறக்காது.

இன்னொன்று இதைவிடப் பெரிய விஷயம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனும், லேப்ராஸ்கோபி அல்லது ரோபோவால் சிறு துளைகள் போட்டுச் செய்வதும் சமம் என்றே பல வருடம் நினைத்திருந்தார்கள். பழைய கேஸ் பைல்களைப் புரட்டி எழுதிய ஆய்வுகள் அப்படித்தான் கூறின. 2018-இல் லாக் என்ற பரிசோதனையின் முடிவு வந்தது. 631 பெண்கள். நாலரை வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் வயிற்றைத் திறந்த பிரிவில் 96.5 சதவீதம், சிறு துளைப் பிரிவில் 86 சதவீதம். மறுபடி படித்துப் பாருங்கள். சிறிய தழும்பு கிடைத்தவர்களில் அதிகம் பேருக்கு நோய் திரும்பியது. அடுத்த வருடமே, 2019 பிப்ரவரியில், கருப்பை வாய், மார்பகம் உள்ளிட்ட புற்றுநோய்களுக்கு ரோபோவைப் பயன்படுத்துவது பற்றி எப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது.

அதற்காகச் சிறு துளை என்றாலே ஆபத்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கருப்பையின் உட்சவ்வில் வரும் புற்றுநோய்க்கு நடந்த பெரிய பரிசோதனையில், லேப்ராஸ்கோபியானாலும் திறந்த ஆபரேஷனானாலும் ஐந்து வருடம் கழித்து உயிருடன் இருந்தவர்கள் கிட்டத்தட்ட 90 சதவீதம். 2012-இல் வெளியான முடிவு இது. ஒரே உறுப்பின் வாயில் வரும் நோய்க்கு ஒரு விடை, உள்ளே வரும் நோய்க்கு வேறு விடை. டெஸ்ட் செய்து பார்க்காமல் யாராலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

நம் ஊர் டாக்டர்களும் இதில் பின்தங்கியவர்கள் அல்ல. கோவை ஜெம் மருத்துவமனையின் டாக்டர் பழனிவேலுவும் குழுவினரும் தொப்புள் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டுப் பித்தப்பையை எடுத்ததை 2008-இலேயே ஆய்விதழில் எழுதினார்கள். 'சாத்தியமா என்று பார்க்கும் முதல் ஆய்வு' என்று தலைப்பிலேயே ஒளிக்காமல் சொல்லியிருந்தார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் இது பீட்டா பதிப்பு. பீட்டா என்று சொல்லிக் கொடுப்பதில் தவறே இல்லை. சொல்லாமல் கொடுப்பதுதான் தவறு. பெரியம்மா கையில் இருந்த நோட்டீஸில் தழும்பைப் பற்றி நான்கு வரி இருந்தது. ஹெர்னியா பற்றி ஒரு வரிகூட இல்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதில் செய்யக் கூடியது ஒன்று உண்டு. இந்தியாவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்ய சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு 2007 முதல் இருக்கிறது. 2009 ஜூனிலிருந்து மருந்துப் பரிசோதனைகளுக்குப் பதிவு கட்டாயம். பார்க்கக் கட்டணம் கிடையாது. கூகுளில் சி.டி.ஆர்.ஐ. என்று அடித்தால் தளம் வந்துவிடும். தேடும் பகுதியில் ரோபோட்டிக், சிங்கிள் போர்ட், சிங்கிள் இன்சிஷன் போன்ற சொற்களை ஆங்கிலத்தில் கொடுத்துப் பாருங்கள். தளம் கொஞ்சம் நிதானமாகத்தான் வரும், பொறுமை வேண்டும். ஒரு பதிவைத் திறந்தால் எத்தனை நோயாளிகள், எந்த மருத்துவமனை, எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தது என்பதெல்லாம் இருக்கும். இவற்றில் 'ப்ரைமரி அவுட்கம்' என்ற கட்டத்தை விடாதீர்கள். அவர்கள் எதை அளக்கப் போகிறார்கள், எத்தனை நாள் வரை அளக்கப் போகிறார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது. ஆபரேஷன் நேரம், ரத்த இழப்பு, தழும்பு என்று மட்டும் இருந்தால் ஒரு வருடம் கழித்து வரும் ஹெர்னியாவை அந்த ஆய்வு பார்க்கப் போவதில்லை.

என் கருத்து இதுதான். அரசுப் பணத்தில் ரோபோ வாங்கும் மருத்துவமனைகள், அதில் செய்யும் ஒவ்வொரு புதுவகை ஆபரேஷனையும் இப்படிப் பதிவு செய்து, ஒரு வருடம் கழித்து நோயாளியைக் கூப்பிட்டுப் பார்த்து, முடிவை எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். நம்மிடம் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. ரோபோ தன் அசைவுகளைத் தானே பதிவு செய்கிறது, கம்ப்யூட்டருக்கும் பஞ்சமில்லை. குறைவது, ஒரு வருடம் கழித்து கிளியனூருக்கு போன் போட்டு 'அம்மா, எப்படி இருக்கீங்க?' என்று கேட்கும் பழக்கம்தான்.

பெரியம்மாவுக்கு நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். இதே ஆபரேஷனை ஒரே துளையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேரை ஒரு வருடம் கழித்துப் பார்த்தீர்கள்? பாதியில் கூடுதல் துளை போட வேண்டி வந்தது எத்தனை பேருக்கு? மூன்று நான்கு துளையில் செய்தால் எனக்கு என்ன நஷ்டம்?

அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனார். டாக்டர் கோபித்துக் கொள்ளவில்லை. ஒரே துளையில் தான் இன்னும் அதிகம் செய்யவில்லை என்றும், பெரியம்மாவின் கட்டி பெரியது என்பதால் வழக்கமான லேப்ராஸ்கோபியே போதும் என்றும் சொன்னாராம். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. தையல் பிரித்த பிறகு பெரியம்மா போன் செய்தார். வயிற்றில் நான்கு சின்னத் தழும்புகள். "புடவை கட்டுறவளுக்கு இதை யாருப்பா பாக்கப் போறா?" என்றார்.