ஜீப்பின் எண்ணெயை நாமே மாற்றலாமா?

அருமனையைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில், மழைக்காலச் சேற்றில் ஏற, நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய ஜீப்புகள் இன்றும் உழைக்கின்றன. அவற்றின் கியர் எண்ணெயை வீட்டு முற்றத்தில் மாற்றக் கூடாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாணவர்களே, அது நல்லதொரு பௌதிகப் பாடம்.

கியர் பெட்டி, முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் பெட்டி, இரண்டு டிஃபரன்ஷியல்கள் என நான்கு இடங்களில் எண்ணெய் உண்டு. வண்டியைச் சற்று ஓட்டிவிட்டுச் சமதரையில் நிறுத்தி வடிக்க வேண்டும். ஏன்? சூடேறினால் பாகுநிலை குறையும். கலங்கிய இரும்புத் துகள்களும் எண்ணெயோடு இறங்கும்.

முதல் தடவை நான் அடித்திருகைத்தான் முதலில் கழற்றினேன். எண்ணெய் முழுதும் வடிந்தபின் பார்த்தால், ஊற்றும் துளையின் திருகு துருப்பிடித்து அசையவே இல்லை! ஜீப் இரண்டு நாள் முற்றத்தில் கிடந்தது. ஆகவே மேல்திருகு திறக்கிறதா என்று பார்த்த பிறகே கீழே கை வையுங்கள்.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. டிஃபரன்ஷியலின் பற்கள் பேரழுத்தத்தில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால், கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்த எண்ணெய் வேண்டும். அச்சேர்மங்கள் மிகுந்தால் கியர் பெட்டியின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். கையேட்டில் உள்ளதையே ஊற்றுங்கள்.

என் வருத்தம் வேறு. வடித்த எண்ணெயைச் சிலர் தோட்டில் கொட்டிவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. நான் அதை மூடியிட்ட டின்னில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பணிமனையில் கொடுக்கிறேன். இரண்டு லிட்டருக்கா இத்தனை பாடு என்று அங்குள்ளவர் சிரிப்பார். ஆனாலும் வாங்கி வைத்துக்கொள்வார்.