சுனையும் மதிலும்

தமிழ்ச் சீர்திருத்தக் கிறிஸ்தவர் பலரின் வீட்டுச் சுவரில் ஆண்டுதோறும் புதிதாக ஓர் அட்டை ஏறும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் பெற்றுவந்த வாக்குத்தத்த அட்டை. அவ்வட்டைகளிலும் வாகனங்களின் பின்கண்ணாடிகளிலும் தேர்வெழுதப் போகும் மாணவரின் பேனாப் பெட்டிகளிலும் அடிக்கடி கண்ணில் படுவது, பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்து 13ஆம் வசனம். தம்மைப் பெலப்படுத்தும் கிறிஸ்துவினாலே எதையும் தம்மால் செய்யக்கூடும் என்று பவுல் சொல்லும் இடம் அது.

இவ்வசனம் இன்று வெற்றிக்கான மந்திரமாகச் சுருங்கிவிட்டது. தேர்ச்சி, பதவி உயர்வு, விசா, வீட்டுக் கடன் என்று அந்த 'எதையும்' என்பதற்குள் நாம் இட்டு நிரப்புபவை எல்லாம் பெறுவதைச் சார்ந்தவை. சுயமுன்னேற்ற நூல்கள் விற்கும் தன்னம்பிக்கைக்கும் இதற்கும் வேறுபாடே தெரியாதபடி ஆகிவிட்டது. இலக்கியம் பயின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த எளிய வழி, ஒரு வரியை அதன் முன்பின் வரிகளோடு சேர்த்துப் படிப்பதுதான்.

பவுல் அதை எழுதியபோது காவலில் இருந்தார். முந்தைய வரிகளில் அவர் பேசுவது பசியையும் நிறைவையும், தாழ்வையும் வாழ்வையும் ஒருங்கே ஏற்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி. ஆக, அவர் சொல்லும் 'எதையும்' என்பதற்குள் பட்டினியும் அடக்கம். பெலன் என்பது இல்லாமையிலும் குலையாதிருக்கும் திறன். அதற்கு அடுத்த வரியைத்தான் எந்த அட்டையிலும் காண முடிவதில்லை. ஆயினும் என் துன்பத்தில் நீங்கள் பங்குகொண்டது நன்று என்று பிலிப்பியரைப் பாராட்டுகிறார் பவுல். எனக்குள் பெலன் இருக்கிறது, உங்கள் உதவி வேண்டா என்று அவர் சொல்லவில்லை. இவ்விரு வரிகளையும் பிரித்ததே நம் குழப்பத்தின் வேர் என்று கருதுகிறேன்.

அகவலிமைக்குக் கோட்டையை உவமையாக்குவது சமய இலக்கியத்துக்குப் பழகிய ஒன்று. சங்கீதங்களில் கடவுளே கோட்டையாகிறார். மார்ட்டின் லூத்தரின் புகழ்பெற்ற ஞானப்பாட்டும் அவ்வுவமையைக் கொண்டதே. ஆனால் செஞ்சியில், கோட்டையின் நிழலில் வாழும் எங்களுக்கு அவ்வுவமையின் மறுபக்கமும் தெரியும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டு இடம்பெற்றன. அவற்றுள் செஞ்சியும் ஒன்று. மராட்டிய மன்னர் ராஜாராம் இங்கிருந்தபோது முகலாயர் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. முற்றுகையிட்டோரின் உட்பூசல்களும் அது நீண்டதற்குக் காரணமே; எனினும் எட்டாண்டுக் காலம் கோட்டை தாங்கி நின்றது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஓரிரவில் பிடித்தது. மலையும் மதிலும் மாறிவிடவில்லை. பத்துக் குறள்களில் அரணின் இலக்கணம் கூறிய வள்ளுவர், உள்ளிருப்போர் செயல்திறம் அற்றவராயின் எத்தனை மாட்சியுடைய அரணும் இல்லாததற்கு ஒப்பாகும் என்று அதிகாரத்தை முடிப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள ராஜகிரியில் ஏறுவோர் மதிலைப் பார்த்து வியப்பார்கள். முற்றுகைக் காலத்தில் உயிரைக் காத்தவையோ உள்ளே இருந்த களஞ்சியமும் மலைமேற்சுனையும் குளங்களுமே. உள்ளே நீரும் உணவும் இல்லாத மதில், தன்னைக் கட்டியவனுக்கே சிறையாகும். கூடிப் பாடுதலும் அட்டையும் அடையாளச் சின்னமும் சமய வாழ்வின் மதில்கள். அவை தேவையற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'உள்ளான மனுஷன்' என்று தமிழ் விவிலியம் அழகாகக் குறிப்பிடுகிறதே, அவன் தாகம் தீர்வது சுனையில்.

அச்சுனை அன்றாடத்தில்தான் ஊறுகிறது. மறைசாட்சியாக இறக்கும் தருணம் பெரும்பாலோர்க்கு வருவதில்லை. படுத்த படுக்கையான தாயைப் பத்தாண்டாகத் தூக்கிக் கழுவும் மகள், எல்லோரும் வாங்கும் மேசையில் கை நீட்டாத எழுத்தர், மல்லாட்டைக் கொல்லையில் கூலிக்குக் குனிந்து நிமிர்ந்துவிட்டு மாலையில் பிள்ளையின் பாடப்புத்தகத்தைத் திறக்கச் சொல்லும் தாய்: இவர்களுக்கு வேண்டியது கூட்டங்களில் பொங்கி மறுநாள் வடிந்துவிடும் உணர்ச்சி அன்று. விடியலில் பத்து நிமிட ஜெபம், இரவில் ஒரு ஜெபமாலை, படித்த ஓர் அதிகாரத்தை அடுப்படியில் அசைபோடுதல் என நாள்தோறும் செய்யும் சிறு பழக்கங்களே சுனையைத் தூர்வாரி வைக்கின்றன. கோடையில் தோண்டத் தொடங்குபவனுக்கு நீர் கிட்டுவது அரிது.

வாக்குத்தத்தத்தையும் கோட்டையையும் ஒருசேர வைத்த கதை ஒன்று நமக்கு அயலானதன்று. எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கு (1894) மூலமான ஜான் பனியனின் நூல் 1678இல் வெளிவந்தது. பனியனின் பயணி சந்தேகக் கோட்டையில் அடைபட்டு, அடியுண்டு, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்னும் எல்லைவரை போகிறான். கடைசியில் தன் மார்போடு ஒரு திறவுகோல் இருந்ததை நினைவுகூர்கிறான். அதன் பெயர் வாக்குத்தத்தம். அவன் விடுதலை உள்ளேதான் இருந்தது. ஆயினும் அது நினைவுக்கு வரும்வரை அவனைச் சாகாமல் காத்தது, உடன் அடைபட்டிருந்த நண்பனின் பேச்சு. பவுலின் இரண்டு வரிகளும் இங்கே ஒன்றாக இருப்பதைக் கவனிக்கலாம்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. 'உள்ளான பெலத்தைச் சார்ந்திரு' என்ற அறிவுரை, சொல்லப்படும் இடத்தைப் பொறுத்து மருந்தாகவும் நஞ்சாகவும் மாறும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். திருச்சபைக்குள்ளும் நிலை வேறன்று. அன்று செஞ்சியைப் போலவே விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். கலவரத்தின் இரு தரப்பிலும் இருந்தவர்கள் ஒரே நற்கருணையை உண்பவர்கள். தன் இறந்தோரைப் பொதுத்தெருவழி எடுத்துச் செல்ல வழி கேட்பவனிடம் 'பொறுமையாயிரு, உள்ளே பெலன்கொள்' என்று போதிப்பது ஆன்மிகம் ஆகாது. சுனையைப் பூட்டி வைத்துக்கொண்டு தாகத்தைத் தாங்கச் சொல்வது அது.

இதற்கு விடையாக, அகவலிமையெல்லாம் ஏய்ப்பு, உரிமைப் போராட்டமே மெய் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்களோடும் என்னால் உடன்பட முடியவில்லை. தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டவர்கள் தங்களைக் குறைந்தவர்களாகக் கருத மறுத்தார்களே, அம்மறுப்பு எங்கிருந்து வந்தது? சட்டம் தருவதற்கு முன்பே, தாம் கடவுளின் சாயல் என்ற எண்ணம் அவர்களுக்குள் ஊறியிருந்தது. மனுவில் கையெழுத்திடும் கை நடுங்காதிருப்பதற்கும் அந்த ஊற்று வேண்டும். அது தோல்விக்குப் பின் மறுநாளும் எழுந்து வரச் செய்கிறது. வென்றபின் பழிவாங்காமலும் தடுக்கிறது.

எனவே அடுத்த டிசம்பர் 31 இரவில் அந்த 13ஆம் வசனத்தை அச்சிடும் சபைகள், அதன் கீழே 14ஆம் வசனத்தையும் சேர்த்து அச்சிடுவது நல்லது. அட்டையில் இடமிருக்கும்.