சுவரில் இல்லாத போட்டோ

கருமத்தம்பட்டி பக்கம் எந்த வீட்டு ஹாலுக்குள் நுழைந்தாலும் சுவரே குடும்பக் கதையைச் சொல்லிவிடும். மாலை போட்ட தாத்தா, காதுகுத்து, தறி ஓட்டிச் சம்பாதித்துக் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசம், மகள் கல்யாணம். திருநங்கையாக மாறி வீட்டைவிட்டுப் போன பிள்ளையின் போட்டோ அந்த வரிசையில் எத்தனை வீடுகளில் இருக்கும்?

ஆல்பத்திலிருந்து ஒருவரை எடுத்துவிட்டால், அவர் பிறக்கவே இல்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது. இதை எதிர்த்துத்தான் தென்னாப்பிரிக்காவின் ஜனேலே முஹோலி கேமராவைக் கையில் எடுத்தார்.

1972-ல் டர்பன் அருகே உம்லாசியில் பிறந்தவர். தன்னை ஆண், பெண் என்று எதிலும் அடைத்துக்கொள்ளாதவர். தமிழின் 'அவர்' இவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

தன்பாலீர்ப்பாளர்களிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த முதல் நாடு தென்னாப்பிரிக்கா. 2006-ல் அவர்களின் திருமணத்துக்கும் சட்டம் வந்தது. ஆனால், கறுப்பினக் குடியிருப்புகளில் தன்பாலீர்ப்புப் பெண்கள், 'திருத்துகிறோம்' என்ற பெயரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள்.

அதே 2006-ல்தான் 'முகங்களும் கட்டங்களும்' என்று பொருள்படும் தலைப்பில் முஹோலி தன் போட்டோ தொடரைத் தொடங்கினார். முதல் படம், கவிஞர் பூஸி சிகாஸா. அடுத்த ஆண்டே, 25 வயதில் அவர் இறந்துபோனார். போட்டோ தங்கிவிட்டது. 2012-ல் முஹோலியின் வீட்டுக்குள் புகுந்தவர்கள் 20-க்கும் மேற்பட்ட ஹார்டு டிரைவ்களைத் திருடிப்போனார்கள். பல வருட உழைப்பு போனது. அவர் நிறுத்தவில்லை. தொடர் இன்று 500 முகங்களைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் பெயர், ஊர், வருடம் உண்டு.

அந்தப் பெயர்தான் முக்கியம். கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரை தோறும் கேமராக்கள் குவிகின்றன. தாலி கட்டுவதும் அறுப்பதும் படமாகின்றன. படத்தின் கீழே பெரும்பாலும் 'திருநங்கைகள்' என்ற ஒற்றைச் சொல்தான். மதுரை மாவட்டம் வாடிப்பட்டியைச் சேர்ந்த தலித் போட்டோகிராபர் ஜெய்சிங் நாகேஸ்வரன், கூட்டத்தைத் தாண்டி அவர்கள் தங்கும் அறைகள்வரை போனார். 'தி லாட்ஜ்' என்ற தொடர் அப்படிப் பிறந்தது.

தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு 2008-லேயே நலவாரியம் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. அடையாள அட்டையில் போட்டோ ஏறிவிட்டது.

பெற்ற வீட்டுச் சுவரில் ஏற வேண்டுமானால், அதற்குச் சட்டம் தேவையில்லை. ஓர் ஆணி போதும்.